காய், பழம், டைம் ப்ளீஸ்

வெவ்வேறு மாவட்டங்களில் பிறந்து ஒரே ஊரில் பிழைப்பு நடத்தும் நாலு பேர் தேநீருக்குக் கூடினால் அரசியல் பேசுவார்கள், சினிமா பேசுவார்கள். இரண்டிலும் குரல் உயராமல் தப்பித்துவிட முடியும். சிறுவயதில் ஆடிய ஆட்டத்தின் பெயரை ஒருவர் எடுத்துவிட்டாலோ தேநீர் ஆறிவிடும். ஒருவருக்கு அது கிட்டிப்புள், இன்னொருவருக்குக் கில்லி. ஒருவர் பாண்டி என்பதை மற்றவர் சில்லு என்பார், மூன்றாமவர் நொண்டி என்பார். கோலி, குண்டு, பளிங்கு என்று நாம் அடுக்கிக்கொண்டிருக்கையில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அமைதியாகப் 'போளை' என்பார். ஒளிந்து விளையாடுவதைக் கண்ணாமூச்சி என்று அழகாகச் சொல்லும் தமிழ் ஒருபுறம் இருக்க, எங்கிருந்தோ வந்த 'ஐ ஸ்பை' என்ற ஆங்கிலத் தொடரை 'ஐஸ்பாய்' ஆக்கி, அதில் ஐஸும் இல்லை பையனும் இல்லை என்பதைப் பற்றிக் கவலையே படாமல் மூன்று தலைமுறை ஆடித் தீர்த்திருக்கிறது.

பெயரோடு நின்றால் பரவாயில்லை. விதிகள் என்று வந்துவிட்டால் சமரசத்துக்கு இடமே கிடையாது. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்தா ஆறா? கிட்டிப்புள்ளில் அளப்பது கோலாலா, புள்ளாலா? தெருக் கிரிக்கெட்டில் ஒரு தரம் குத்தி எழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட்டா இல்லையா? ஐம்பது வயதுக்காரர்கள், வீட்டில் பேரன் பேத்தி உள்ளவர்கள், தங்கள் ஊர் விதிதான் மூல விதி என்றும் மற்றதெல்லாம் பிற்காலத் திரிபு என்றும் பாடபேத ஆய்வாளரின் தீவிரத்தோடு வாதிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நம்முடைய முதல் அபிமானம் எந்தக் கிரிக்கெட் அணியின் மீதும் எழுந்ததில்லை, நம் தெருவின் விதிகள் மீதுதான் எழுந்தது என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் இந்தப் பட்டியல் இன்னும் சுவையாக நீளும். நம் கிட்டிப்புள் கேரளத்தில் குட்டியும் கோலும், ஆந்திரத்தில் பில்லங்கோடு, கர்நாடகத்தில் சின்னிதாண்டு, மகாராஷ்டிரத்தில் விட்டிதண்டு, வங்காளத்தில் டாங்குலி. நம் ஏழாங்கல் ஓரிடத்தில் லகோரி, வேறிடத்தில் பிட்டு. யாழ்ப்பாணத்துக் கிளித்தட்டுக்கும் மராட்டியரின் ஆட்யாபாட்யாவுக்கும், நமது உப்புக்கோட்டுக்கும் உள்ள உறவைக் கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். பல்லாங்குழி கன்னடத்தில் அளிகுளிமணே, தெலுங்கில் வாமனகுண்டலு, சிங்களத்தில் ஒலிந்த கெளிய. எந்த அரசும் ஆணையிட்டு இவற்றைப் பரப்பவில்லை. மணமாகிப் போன பெண்களும், மாடு பிடித்துப் போனவர்களும், பிழைக்கப் போனவர்களும் கைவசம் கொண்டுபோன சாமான்கள் இவை. போன ஊரின் மண்ணுக்கும் கல்லுக்கும் விதைக்கும் ஏற்ப இவை உருமாறின.

இந்த வேறுபாட்டை ஒரு செல்வமாகக் கருதி எழுதிவைத்தவர்களில் ஞா. தேவநேயப் பாவாணர் முக்கியமானவர். 1954இல் வெளியான 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்ற நூலில் ஆண்கள் ஆடுவது, பெண்கள் ஆடுவது, பகலாட்டு, இரவாட்டு என்று வகுத்துக்கொண்டு, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை என்று ஒவ்வோர் ஆட்டத்தையும் இலக்கணம் எழுதுபவரின் ஒழுங்கோடு பதிந்தார். ஓர் ஆட்டத்துக்கு ஒரே முறைதான் இருக்கவேண்டும் என்று அவர் எண்ணவில்லை. நாட்டுக்கு நாடு முறை மாறுவதையும் எழுதினார். சொற்களின் வேர் தேடி வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் பிள்ளைகளின் ஆட்டத்தில் 'சரியான வடிவம் எது' என்ற தேடலுக்குள் இறங்கவில்லை என்பது நமக்கு ஒரு பாடம்.

நிற்க. இது 'அந்தக் காலம் போல வருமா' என்று முடியப்போகிற கட்டுரை அன்று. அவ்வகைக் கட்டுரைகள் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. பொங்கலையொட்டிப் பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் 'பாரம்பரிய விளையாட்டு விழா' நடத்தி, பம்பரத்தைக் கண்காட்சிப் பொருளாக மேசைமீது வைத்து, அதோடு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறோம். பம்பரம் இல்லாமல் போனதால் உலகம் ஒன்றும் குறைந்துவிடாது. பம்பரம் விட்ட பிள்ளைகள் தமக்குள் சில ஏற்பாடுகளைச் செய்து வைத்திருந்தார்கள். அவற்றை நாம் வளர்ந்த பிறகு கைவிட்டோம். அதன் விலையை இன்று வேறு இடங்களில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே நம் கட்சி. அந்த வேறு இடங்களில் ஒன்று விளையாட்டு ரசனை, மற்றொன்று காதல்.

அந்த ஏற்பாடுகள் மூன்று.

முதலாவது 'டைம் ப்ளீஸ்'. துரத்தல் உச்சத்தில் இருக்கிறது. ஓடுகிறவளுக்குச் செருப்பு அறுந்துவிட்டது, அல்லது மூச்சு வாங்குகிறது, அல்லது காரணமே இல்லை, போதும் என்றிருக்கிறது. 'டைம் ப்ளீஸ்' என்கிறாள். துரத்துகிறவன் நின்றாக வேண்டும். அவன் எவ்வளவு பலசாலியானாலும், கைக்கு எட்டும் தூரத்துக்கே வந்துவிட்டாலும் நின்றாக வேண்டும். நிற்காதவனை மறுநாள் யாரும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நடுவர் இல்லை, அபராதம் இல்லை. ஆனாலும் இந்த விதி மீறப்பட்டது அபூர்வம். இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதியர் பள்ளிப் பிள்ளைகளின் வழக்குகளைத் தொகுத்து 1959இல் வெளியிட்ட நூலில், இத்தகைய 'நிறுத்து' சொற்களுக்கென்றே வட்டார வரைபடம் தந்திருக்கிறார்கள். லண்டன் பக்கத்துப் பிள்ளைகள் விரலைப் பின்னிக்கொண்டு 'ஃபெய்னைட்ஸ்' என்றார்கள். ஸ்காட்லாந்தில் 'பார்லி', கிழக்கே 'கிங்ஸ்', வடகிழக்கே 'ஸ்கின்ச்'. ஊருக்கு ஊர் சொல் மாறினாலும், நிறுத்தும் உரிமை எங்கும் ஒன்றே. உலகத்துக் குழந்தைகள் ஒருவரையொருவர் கலந்தாலோசிக்காமல் எட்டிய முடிவு இது என்பது நம்மை யோசிக்க வைக்க வேண்டும்.

இரண்டாவது 'ஒப்புக்குச் சப்பாணி'. பல வாய்களில் உருண்டு 'உப்புக்குச் சப்பாணி' ஆகிவிட்ட தொடர். அக்காவின் இடுப்பிலிருந்து இறங்கிய கையோடு ஆட்டத்துக்கு வந்துவிடும் நாலு வயதுத் தம்பியை விரட்டவும் முடியாது, முழு ஆட்டக்காரனாகச் சேர்க்கவும் முடியாது. ஆகவே அவன் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், கத்தலாம், தொடலாம். ஆனால் அவன் அவுட் ஆவதில்லை. மராட்டியப் பிள்ளைகள் இதையே 'கச்சா லிம்பு' என்கிறார்கள். பழுக்காத எலுமிச்சை என்று பொருள். சொல்லில் சற்றே கேலி உண்டு, அதை மறுப்பதற்கில்லை. என்றாலும் திறமையில்லாதவருக்கும் ஆடுகளத்தில் ஓர் இடம் உண்டு என்று பிள்ளைகள் சட்டம் இயற்றி வைத்திருந்தார்கள். பெரியவர்களின் விளையாட்டில் அவர்களுக்கு உள்ள ஒரே இடம் பார்வையாளர் மாடம்.

மூன்றாவது காயும் பழமும். சண்டை வந்தால் 'காய்' விடுவது, சமாதானம் என்றால் 'பழம்' விடுவது. சில ஊர்களில் 'கா', சில ஊர்களில் 'டூ'. டூவுக்கு மாற்று 'சேத்தி' என்போரும் உண்டு. வடக்கே 'கட்டி', வங்காளத்தில் பகைக்கு 'ஆரி', நட்புக்கு 'பாப்'. இவற்றில் நம் காய்–பழம் தனி அழகு கொண்டது. காய் என்பது பழத்தின் எதிர்ச்சொல் இல்லை. பழத்தின் முந்தைய நிலைதான் அது. பகையை அறிவிக்கும்போதே அது கனியும் என்பதையும் பிள்ளைகள் அதே சொல்லுக்குள் வைத்துவிட்டார்கள். தேவைப்படுவது கொஞ்சம் காலம் மட்டுமே. பெரும்பாலும் மறுநாள் காலை மணியடிப்பதற்குள் பழுத்துவிடும்.

*

இனி ரசிகர்களிடம் வருவோம்.

ஆட்டங்கள் ஆடுகிறவர்களின் கையைவிட்டுப் போன கதைக்குக் கபடி நல்ல சான்று. சடுகுடு என்றும் பலீஞ்சடுகுடு என்றும் இங்கே ஆடப்பட்டது, மகாராஷ்டிரத்தில் ஹூதூதூ, வங்கத்தில் ஹாடுடு. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் இதை ஆடிக்காட்டினர். 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஆண்களுக்கும், 2010 குவாங்சோவில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. 2014இல் புரோ கபடி லீக் வந்தபோது, மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வியின் இடத்தில் முப்பது விநாடிக் கடிகாரம் உட்கார்ந்திருந்தது. பாடிக்கொண்டு போகிறவனுக்கு ஊருக்கு ஓர் அடி, ஆளுக்கு ஓர் அடி இருந்த ஆட்டத்தில், இப்போது 'கபடி' என்ற ஒற்றைச் சொல்தான் மிச்சம்.

இதை இழப்பு என்று மட்டும் எழுதுவது அநியாயம். பொது விதி வந்ததால்தான் வாகைக்குளத்துப் பையனும் ரோத்தக் பையனும் ஒரே களத்தில் நிற்க முடிந்தது. கபடிச் சான்றிதழ் வழியாக ரயில்வேயிலும் காவல் துறையிலும் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் தென்மாவட்டக் கிராமங்களில் ஏராளம். பாட்டை இழந்து சோற்றைப் பெற்றவர்களைப் பார்த்து, சோற்றுக்குக் குறைவில்லாத நாம் பாட்டு போயிற்றே என்று புலம்புவது நாகரிகம் ஆகாது. நாம் சொல்ல வருவது வேறு. விதியை முடிவுசெய்யும் இடம் களத்திலிருந்து அலுவலகத்துக்குப் போனபோது, நம்மில் பெரும்பாலோர் களத்திலிருந்து மாடத்துக்குப் போய்விட்டோம். மாடத்தில் அமர்ந்தவனுக்கு டைம் ப்ளீஸ் சொல்லும் வாய்ப்பில்லை, காய் விட்டுப் பழம் விட எதிரே ஆளும் இல்லை. அவனிடம் மிஞ்சுவது அபிமானம் மட்டும்.

அபிமானத்தைத் தமிழ் இலக்கணம் முன்பே அறிந்திருக்கிறது. அதற்குக் கைக்கிளை என்று பெயர். ஒரு பக்கத்துக் காமம். தொல்காப்பியர் அதை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் ஒரு விளிம்பில் வைத்தார். பின்னாளில் உலா இலக்கியம் அதைப் பெருந்திருவிழாவாகவே ஆக்கியது. அரசனோ இறைவனோ வீதியுலா வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து உருகுகிறார்கள். அவனுக்கு அவர்களில் ஒருத்தியின் பெயரும் தெரியாது. ஒட்டக்கூத்தர் பாடிய சோழர்களின் வீதிக்கும், கோப்பையோடு திறந்த பேருந்தில் அணியினர் வரும் வீதிக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

கைக்கிளை இழிவானதொன்றும் இல்லை. தான் நிற்பது கைக்கிளையில் என்பதை ரசிகன் அறிந்திருக்கும்வரை அது ஒரு மேன்மைகூட. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததை அதற்குச் சான்றாகச் சொல்லலாம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியா 271 ரன்களைத் துரத்துகிறது. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து ஆட்டமிழக்கிறார். அதன்பின் மளமளவென்று சரிந்து 258இல் ஆட்டம் முடிகிறது, 12 ரன் தோல்வி. அரங்கம் சற்றுநேரம் உறைந்துபோகிறது. பிறகு எழுந்து நிற்கிறது. மைதானத்தைச் சுற்றி ஓடிய பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டுகிறது. கார்கில் போருக்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இது. அந்தக் கைதட்டலைச் சென்னையின் பண்பாடு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை என்பதே நம் எண்ணம். அன்று அந்த மாடத்தில் இருந்தவர்களில் பலர் மாலைதோறும் தெருவில் ஆடித் தோற்று, தோற்கடித்தவனோடு ஒரே சைக்கிளில் வீடு திரும்பிப் பழகியவர்கள். தோற்பது எப்படி என்பது அவர்கள் கால்களுக்குத் தெரியும். அவர்கள் எதிரணிக்கு அன்று பழம் விட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு நாளையும் பார்க்க வேண்டும். 2025 ஜூன் 3 அன்று பெங்களூரு அணி பதினெட்டாவது ஐபிஎல் பருவத்தில் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி அரங்கின் வாசல்களில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் பதினொரு பேர் இறந்தார்கள். ஏற்பாட்டின் குறைகள் பற்றிய விசாரணையும் வழக்கும் ஒருபுறம் இருக்கட்டும். வாசலில் நசுங்கியவர்கள் தோல்வியின் ஆத்திரத்தில் வந்தவர்கள் அல்லர், மகிழ்ச்சியைக் கொண்டாட வந்தவர்கள் என்பது நெஞ்சை அறுக்கிறது. பின்னாலிருந்து தள்ளுகிறவனுக்கு முன்னால் இருப்பவரின் 'போதும்' கேட்காத இடமாகக் கூட்டம் ஆகிவிடுகிறது. ஒருவர் மூச்சுத் திணறி நிறுத்து என்றால் எல்லோரும் நிற்பது எட்டு வயதில் நமக்குத் தெரிந்திருந்த பாடம். பல லட்சம் பேருக்கு அதை அமல்படுத்தக் காவலும் கதவும் திட்டமும் வேண்டும். அந்தத் திட்டத்தை எழுதுகிறவர்கள் ரசிகர்களை உயிருள்ள உடல்களாகக் கருதாமல் ஆரவாரம் எழுப்பும் ஒலிப்பெட்டிகளாக எண்ணியதற்கு உயிர்கள் விலையாகின.

*

காதலுக்கு வந்தால், முதலில் உறுத்துவது மொழி. காதலில் வெற்றி, காதல் தோல்வி. அவள் கிடைத்தாள், விட்டுக்கொடுத்தான், தட்டிப் பறித்தான். பந்தயத்தின் சொற்கள் முழுவதும் இங்கே குடியேறிவிட்டன. ஒரு பெண் மறுப்பதைத் 'தோல்வி' என்று சொல்லிவிட்டால், ஆடியவர் இருவர் என்றும் ஒருவர் வென்றார் என்றும் பொருள்படுகிறது. உண்மையில் அவள் ஆட்டத்துக்கே வரவில்லை. தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாகக் காட்டிவரும் காதல் துரத்திப் பிடிக்கும் ஆட்டத்தின் இலக்கணத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பேருந்து நிறுத்தம், கல்லூரி வாசல், கோவில் பிரகாரம் என்று அவன் துரத்துகிறான், அவள் ஓடுகிறாள். எடுத்துக்கொள்ளும்போது ஒரே ஒரு விதியை மட்டும் மறந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் டைம் ப்ளீஸ் கிடையாது. அவள் 'வேண்டாம்' என்றால் அது இடைவேளைக்கு முந்தைய காட்சி என்று மட்டுமே பொருள்.

2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். செய்தித்தாள்கள் வழக்கம்போல 'ஒருதலைக் காதல்' என்று எழுதின. கைக்கிளைக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கைக்கிளைக்காரன் உருகுவான், தேய்வான், பாடுவான். அவனுக்குக் கொலையாளியோடு உறவில்லை. நின்றாக வேண்டிய இடத்தில் நிற்கக் கற்காதவனின் வெறிக்குக் காதல் என்ற சொல்லை அடைமொழியோடுகூட நாம் தரக்கூடாது.

பழைய இலக்கியம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். மறுத்த பெண்ணை ஊரறிய நெருக்கும் மடலேறுதலை நாம் மறைக்கப்போவதில்லை. ஆனால் கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் பாட்டாக வரும் ஒரு காட்சியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சிறுவயதில் அவள் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்தவன், பூமாலையை இழுத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வாசலில் நிற்கிறான். நீர் கொடுக்கப்போனவளின் கையைப் பற்றிவிடுகிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடிவருகிறாள். உடனே அவள், நீர் குடிக்கையில் அவனுக்கு விக்கிக்கொண்டது என்று பொய் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் சிரிக்கிறான்.

சீண்டினால் காதல் வரும் என்பதற்கு இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் பாட்டைப் பாதிதான் படித்தவர்கள். இந்தக் கதையைத் தோழியிடம் சொல்கிறவள் அவள். அலறியவளும் அவளே, காப்பாற்றியவளும் அவளே. அவள் வாயிலிருந்து வேறு ஒரு வாக்கியம் வந்திருந்தால் அவன் கதி வேறு. ஆட்டத்தை நிறுத்தும் சொல்லும் தொடரும் சொல்லும் அவள் வசம் இருப்பதுதான் அந்தப் பாட்டின் இன்பம். இன்னொன்றும் உண்டு. அவனை அவளுக்குச் சிறுவயது முதல் தெரியும். அவன் எப்படிப்பட்ட குறும்பன், எங்கே நிற்பான் என்பதை மணலில் ஆடிய நாட்களிலேயே அளந்து வைத்திருக்கிறாள். இருவரும் சேர்ந்து ஆடியவர்கள்.

நம் கட்டுரையின் மையமே இதுதான். சேர்ந்து ஆடுவது நம்மிடையே எந்த வயதில் நின்றுபோகிறது?

சங்கப் பாட்டுகளில் அதற்கு இற்செறிப்பு என்று பெயர். பருவமெய்திய பெண்ணை வீட்டுக்குள் வைத்துவிடுவது. அதன்பின் ஓரை ஆடும் தோழியர் கூட்டத்துக்கு அவள் வருவதில்லை. பெயர் மறைந்துவிட்டது, வழக்கம் மறையவில்லை. நம் தெருக்களைப் பற்றிய இனிய நினைவுகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் இது தெரியும். பாண்டியும் நொண்டியும் ஐஸ்பாயும் ஆடிய கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் ஒருவர் ஒருவராக, பன்னிரண்டு பதின்மூன்று வயதில், எந்த அறிவிப்பும் இல்லாமல் மறைந்துபோனார்கள். பையன்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு கை குறைகிறதே என்று மட்டும் வருந்தினார்கள், பிறகு கிரிக்கெட்டுக்கு மாறினார்கள். அவர்கள் நாற்பது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகிறார்கள். அவர்களோடு ஓடியவர்கள் அந்நேரம் சமையலறையில் இருக்கிறார்கள். ஆகவே 'எங்கள் காலத்து விளையாட்டுகள்' என்று நாம் உருகும்போது அந்த 'எங்கள்' யார் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது. ஊர்த் தெருவும் சேரித் தெருவும் ஒரே களத்தில் ஆடியதும் அரிது. 2024இல் வந்த 'லப்பர் பந்து' படம், ரப்பர் பந்துக் கிரிக்கெட்டில்கூட யாரை அணியில் சேர்ப்பது என்பதைச் சாதி எப்படித் தீர்மானிக்கிறது என்று காட்டியபோது அது பலருக்குச் செய்தியாக இருந்தது. அணியில் சேர்க்கப்படாதவர்களுக்கு அது பழைய கதை.

பன்னிரண்டு வயதுக்குப்பின் ஒருவரோடு ஒருவர் ஆடாமல் வளர்ந்த இரண்டு கூட்டங்கள் பதினெட்டு வயதில் கல்லூரி வாசலில் சந்திக்கின்றன. அந்தப் பையனுக்கு ஒரு பெண்ணிடம் தோற்றுப் பழக்கமில்லை. அவள் கோபத்தைப் பார்த்துப் பழக்கமில்லை, அது மறுநாள் பழுக்கும் என்று காத்திருந்து பழக்கமில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு பையனை 'நிறுத்து' என்று சொல்லி நிறுத்திய அனுபவம் மறந்தே போயிருக்கும். விதிநூல் என்று இருவர் கையிலும் இருப்பது சினிமா மட்டும். முதன்முதலாகச் சேர்ந்து ஆடும் ஆட்டமே காதல் என்றால், அதில் தவறாட்டம் நிகழ்வதில் வியப்பென்ன?

ஹரியானாவின் ரோத்தக்கில் பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் கிரிக்கெட் பயிற்சி இல்லாததால், ஷஃபாலி வர்மாவின் தந்தை மகளின் தலைமுடியை வெட்டி, பையனைப்போல அனுப்பிவைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அதே ஷஃபாலி 87 ரன் எடுத்தார், இரண்டு விக்கெட்டும் வீழ்த்தினார், ஆட்டநாயகி ஆனார். இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றார்கள். நாம் எல்லோரும் கொண்டாடினோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கத்தரிக்கோலை மறந்துவிடக்கூடாது. ஆடவேண்டும் என்றால் பெண்ணாக இல்லாதே என்று சொல்லும் ஊரில்தான் அந்த வெற்றி விளைந்தது. 2023இல் பெண்களுக்கான பிரீமியர் லீக் ஐந்து அணிகளோடு தொடங்கியபோது, மஞ்சள் சட்டைக்காக ஊரையே மஞ்சளாக்கும் நம் சென்னைக்கு அதில் ஓர் அணி இல்லை. அது ஏலக் கணக்கு, வணிக முடிவு என்பார்கள். இருக்கலாம். நமக்கு ஓர் அணி இல்லையே என்று இங்கே தெருவில் இறங்கி யாரும் கேட்கவில்லை என்பது வணிகக் கணக்கில் அடங்காது.

நம் கோரிக்கை எளியது. பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்ப்பதை நிறுத்த வேண்டும். ஆறாம் வகுப்போடு பிள்ளைகளை ஆண் பெண் என்று மைதானத்தின் இரு மூலைகளுக்குப் பிரித்துவிடாமல், பத்தாம் வகுப்பு வரையிலாவது சில ஆட்டங்களைச் சேர்ந்து ஆடவிட வேண்டும். எறிபந்து இருக்கிறது, கோ-கோ இருக்கிறது, ஏழாங்கல் இருக்கிறது. எந்த ஊர் விதிப்படி என்பதை அவர்களே வாதாடி முடிவுசெய்யட்டும். அந்த வாதம்தான் ஆட்டத்தின் முதல் பாதி. குடியிருப்புகளில் கார் நிறுத்தக் கிடைக்கிற இடத்தில் பத்தில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.

சேர்ந்து ஆடவிட்டால் காதல் வந்துவிடாதா என்று கேட்பார்கள். இந்த அச்சத்துக்குப் பின்னால் பெண்ணின் பாதுகாப்பு பற்றிய கவலை கொஞ்சமும், சாதி பற்றிய கவலை நிறையவும் இருப்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். வரலாம். சேர்ந்து ஆடாதபோதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடிக்கொண்டிருக்கையில்தான் உலா வந்த இறைவனைக் கண்டு காதல் கொண்டாள். பந்தை முன்கூட்டியே பிடுங்கி வைத்திருந்தாலும் அவள் கண்ணை யாரும் மூடியிருக்க முடியாது. வருகிற காதல், நிறுத்து என்றால் நிற்கத் தெரிந்தவனிடமிருந்து வரட்டும். ஆட்டத்தில் தன்னைவிட மெலிந்தவருக்கும் இடம்விட்டுப் பழகியவளிடமிருந்து வரட்டும். முறிந்தாலும் அதைத் தோல்வி என்று எண்ணாமல் காய் என்று எண்ணுகிற இருவருக்கிடையே வரட்டும். சில காய்கள் பழுக்காமலே உதிரும், அதனால் மரத்தை வெட்டுவார் இல்லை.

பெயர்களைப் பற்றிய சண்டையை நாம் தாராளமாகத் தொடரலாம். பாண்டியா சில்லா என்பது இந்த நூற்றாண்டிலும் தீராது, தீரவும் வேண்டாம். ஆனால் ஆட்டத்தின் பெயரைக் காப்பாற்றிவிட்டு ஆட்டத்தின் அறத்தைத் தொலைத்துவிட்டால், நாம் காப்பாற்றியது வெறும் அகராதிச் சொல்தான்.